மூன்றரை வருட அக்வாபோனிக்ஸ்: ஆயர் ஈத்தாம் வீட்டுப் பின்கட்டு அனுபவம்

மீன் வளரும் தண்ணீரைச் சுற்றவிட்டு அதிலேயே கீரையும் வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். 2022 ஏப்ரலில் ஆரம்பித்தேன். எங்களுடையது பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு வரிசை வீடு. துணி காயப்போடும் பின்கட்டில் 500 லிட்டர் மீன்தொட்டி, அதற்கு மேலே நீல டிரம்மை நெடுக்காக அறுத்துச் செய்த இரண்டு கல் பாத்திகள். பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும். பாத்தி நிரம்பியதும் பெல் சைஃபன் ஒரே இழுப்பில் தொட்டிக்கே இறக்கிவிடும். எல்லாம் சேர்த்து 900 மலேசிய வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் ஆனது.

முதல் அடி கல்லில் விழுந்தது. மலிவாகக் கிடைத்த வெளிர்சாம்பல் கல்லை நாள் முழுக்கக் கழுவிக் கொட்டினேன். தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 8.2ஐ விட்டு இறங்கவே இல்லை. ஒரு மாலை நாலு கல்லை எடுத்துக் கோப்பையில் போட்டு வினிகர் ஊற்றினேன். இரண்டு சும்மா கிடந்தன. மற்ற இரண்டின் மேல் சோடா திறந்ததுபோலப் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது. அவ்வளவையும் வாரி எடுத்துக் கருங்கல் ஜல்லி போட்டு முடிக்க ஒரு வாரம். கல் வாங்கப் போகும்போதே பையில் ஒரு வினிகர் போத்தல் இருக்கட்டும்.

மீனும் கீரையும் கண்ணுக்குத் தெரிவதால் மனம் அங்கேயே போகும். நாம் காப்பாற்ற வேண்டியது கல்லில் ஒட்டி வாழும் பாக்டீரியாவை. மீன் கழிக்கும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். செடிக்குப் பெரும்பாலும் போய்ச் சேருவது அந்த நைட்ரேட்தான். நம் ஊர் வெயிலிலும் இந்தக் கூட்டம் தங்கி வளர எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. பொறுக்க முடியாமல் மூன்றாவது வாரமே 30 தீலாப்பியா குஞ்சுகளை விட்டேன். நைட்ரைட் ஏறியது, குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அரை கிலோ அயோடின் இல்லாத உப்பைக் கரைத்து ஊற்றினேன். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். அப்படியும் ஏழு போய்விட்டன. சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை மீன் வாங்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பிறகு எல்லாமே தீனி போடும் கையில்தான் இருக்கிறது. விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் அக்வாபோனிக்ஸ் ஆய்வு செய்த ஜேம்ஸ் ரகோசி, செடிகள் பலகையில் மிதந்து வளரும் மிதவைப் பாத்திக்குச் சொன்ன கணக்கு, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீனி. என் கல் பாத்திகளுக்கு 40 கிராமே போதுமாக இருக்கிறது. இருபது நிமிடத்தில் தின்று முடிக்காத தீனியை வலையால் அள்ளிவிடுகிறேன். ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம், பார்த்துக்கொண்டவர் பாவம் மீன் பசிக்குமே என்று வாரிப் போட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது தண்ணீர் தேநீர் நிறத்தில் நாறிக்கொண்டிருந்தது. இப்போது ஊருக்குப் போனால் தினசரி அளவைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

இரண்டாம் வருடம் கதை தலைகீழ். பாக்டீரியாவின் வேலையே அமிலம் விடுவதால் பி.எச். இறங்கி இறங்கி 6.0க்கு வந்தது. அதற்குக் கீழே போனால் அதே பாக்டீரியா மந்தமாகிவிடும். பசாரில் வாங்கிய சிப்பியின் ஓடுகளைக் கழுவி, வலைப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டேன். அன்று வாரிக் கொட்டிய அதே சுண்ணாம்பு, இன்று ஒரு பிடி அளவில் மருந்து. 6.8ஐ ஒட்டி நிற்கிறது.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மீன் தீனியில் செடிக்குத் தேவையான இரும்பு வராது. ஆணி போட்டுப் பார்த்தேன், துருதான் மிச்சம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை செடி உறிஞ்சக்கூடிய வடிவிலுள்ள 11 சதவீத டி.டி.பி.ஏ. இரும்புத் தூள் 9 கிராம் கரைத்து ஊற்றுகிறேன்; பத்து நாளில் புதுத் தளிர் பச்சையாகவே வருகிறது.

மின்சாரம் மாதம் 40 யூனிட் அளவு. ஆனால் அது போய்விட்டால்தான் பயம். ஒரு மழை இரவில் இரண்டு மணிக்குப் போன மின்சாரம் விடிந்துதான் வந்தது. ஒன்பது பெரிய மீன்கள் மிதந்தன. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் முதலிலேயே குறைவு. மின்சாரம் நின்றதும் தானே ஓடும் பேட்டரிக் காற்று பம்ப் ஒன்றை மறுநாளே வாங்கினேன். அதை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்ற 2024 ஜனவரி 10 முதல் 14 வரை தண்ணீர் நிறுத்தினார்களே, தைப்பூசத்துக்கு முன்னால், அப்போது எல்லாரும் வாளி தேடினார்கள். தொட்டிக்கு வேண்டியது நாளுக்குப் பத்து லிட்டர்தான். குளோரின் போவதற்காக எப்போதும் ஒரு டிரம்மில் குழாய்த் தண்ணீர் பிடித்து, கொசு நுழையாமல் வலை கட்டி வைத்திருப்பேன். அதுவே தாங்கியது.

விளைச்சல்: கங்கோங் கீரை மூன்று வாரத்துக்கொரு அறுப்பு, சளைக்கவே இல்லை. புதினா வைக்காதீர்கள், அதன் வேர் சைஃபனுக்குள் நுழைந்து பாத்தியை வழியவிட்டது. தக்காளி எனக்கு வரவில்லை. மீன் எட்டு மாதத்தில் 400 கிராம். சமைப்பதற்கு முன் சில நாள் தீனியில்லாமல் நல்ல தண்ணீரில் விட்டால் சேற்று வாடை போய்விடும். முதல் தடவை அப்படி விடாமல் வைத்த புளிக்குழம்பை அம்மா ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவரே வலையோடு தொட்டியருகில் நின்று, "அந்தக் கறுப்பா இருக்கிறதைப் பிடி" என்றார்.