ஆமிக் கதை கேட்பவருக்கு எதைக் கொடுப்பது? மூன்று நாவலும் ஒரு சிறுகதையும்

"ஆமிக் கதை ஏதாவது இருந்தால் கொடுங்கண்ணே" என்று பட்டாளக் கதை கேட்கும் பிள்ளைகள் இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் எப்போதும் இருக்கிறார்கள். படமாகப் பார்த்துச் சலித்து, சரி, புத்தகமாகவும் ஒரு கை பார்ப்போம் என்று வருகிறவர்கள். ஏ.எல். வரை படித்த ஆங்கிலம் கையில் இருக்கும். பொறுமை எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. இவர்களுக்கு எதைக் கொடுப்பது என்பதில் எங்கள் வாசிப்பு நண்பர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒன்று விண்வெளிப் போர்க்கதைதான் என்கிறது. மற்றது, கிரகமும் பூச்சியும் யாருக்கு வேண்டும், நம் காலத்துத் துப்பாக்கியும் கப்பலும் வரும் திரில்லரே போதும் என்கிறது.

நான் விண்வெளிக் கட்சி. திரில்லர் ஒரு சிப்பாய் எப்படிச் சண்டை போட்டான் என்று சொல்லும், அதை நன்றாகவே சொல்லும். நல்ல விண்வெளிப் போர்க்கதையோ அவனை அனுப்பியது யார், என்ன சொல்லி அனுப்பினார்கள், திரும்பி வந்தவனுக்கு ஊரில் என்ன மிச்சம் என்றெல்லாம் குடைய ஆரம்பித்துவிடும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் யுத்தம் நடந்த நாடு இது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற ஞாபகம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. திரில்லர் வாசித்தால் ஏதோ ஒரு பக்கம் சேர்ந்தே ஆக வேண்டும். நம்மவர்களுக்கு அது அத்தனை சுகமான காரியமாக இருப்பதில்லை. எதிரி வேறொரு நட்சத்திரத்துக்காரன் என்றால் சொந்தக் கதை குறுக்கே வந்து கத்தாமல் கொஞ்சம் யோசிக்கலாம்.

அலசலுக்கு எடுத்துக்கொண்டவை: ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1959), ஜோ ஹால்ட்மனின் 'தி ஃபாரெவர் வார்' (1974), எதிர்க்கட்சிக்காக ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டாக்ஸ் ஆஃப் வார்'. அதுவும் 1974தான். எழுதியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைன்லைன் 1929இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் தேறியவர். காசநோய் வந்து 1934இல் வெளியேற வேண்டியதாயிற்று; சண்டைக்களம் பார்க்கவில்லை. ஹால்ட்மன் பௌதிகமும் வானியலும் படித்தவர், கட்டாய ஆள்சேர்ப்பில் வியட்நாமுக்குப் போய்க் காயம்பட்டுத் திரும்பியவர். ஃபோர்சைத் இளமையில் விமானப்படை, பிறகு நைஜீரியாவில் நடந்த பியாஃப்ரா யுத்தத்தை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர். மூன்று நாவலிலும் இந்த வித்தியாசம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

முதலில் ஹைன்லைன். கதை சின்னது. பணக்கார வீட்டுப் பையன் ஹுவான் ரிக்கோ, கூட்டாளிகள் சேர்கிறார்கள் என்று தானும் பட்டாளத்தில் சேர்கிறான், பயிற்சியில் நொறுங்குகிறான், ஆளாகிறான், பூச்சி இனத்தோடு நடக்கும் போரில் அதிகாரியாகிறான். சண்டை என்று பார்த்தால் மொத்தப் புத்தகத்தில் குறைவு. பயிற்சி முகாமும் வகுப்பறையும்தான் அதிகம். இந்தக் கதைக்காக யாரும் இதை வாசிப்பதில்லை. அந்த உலகத்தின் சட்டம்தான் புத்தகம். அங்கே பிறப்பால் யாருக்கும் வாக்குரிமை கிடையாது. ஒரு தவணை அரச சேவை செய்து முடித்தவர்களுக்கு மட்டுமே வாக்கு. சேவையில் இருக்கும்போதுகூட இல்லை, முடித்த பிறகுதான்.

இதை அமெரிக்க வாசகர் ஒரு வேடிக்கையான யோசனையாக வாசித்துவிட்டுப் போகலாம். நம்மால் அப்படிப் போக முடியவில்லை. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்கும் போயிற்று. காட்டை வெட்டிக் கோப்பி போட்டு, அது அழிந்த பிறகு தேயிலை போட்டு, ரோட்டும் ரயில் பாதையும் போட்ட சனத்துக்கு வாக்கு இல்லை. ஹைன்லைனின் ஆசிரியர் பாத்திரம், நாட்டுக்காகத் தன்னை வருத்திக்கொண்டவனுக்கே நாட்டின் மேல் உரிமை என்று வகுப்பெடுக்கும்போது, பத்துப் பதினைந்து கிலோ கொழுந்தைத் தலையில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிய பாட்டி அந்தக் கணக்கில் எங்கே வருகிறாள் என்று மனசு கேட்கும்.

இதிலே ஒரு குசும்பும் இருக்கிறது. ஹைன்லைனின் அரசாங்கம் யாரையும் திருப்பி அனுப்பாது. கண் தெரியாமல் சக்கர நாற்காலியில் வந்து நின்றாலும், கம்பளிப்புழுவின் மயிரைத் தடவி எண்ணுகிற மாதிரி ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவப் பரிசோதனையில் ரிக்கோவிடம் சொல்கிறார்கள். இங்கே நடந்தது என்ன? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், கல்யாணமானவர்கள் ஏழு வருடம், ஆகாதவர்கள் பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனிடம் என்ன கடதாசி இருக்கும்? விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் தள்ளப்பட்டார்கள். கடைசி முடிச்சு அவிழ 2003 வரை ஆயிற்று. ஹைன்லைனின் உலகத்தை ஃபாசிசம் என்று திட்டுகிற விமர்சகர்கள் நிறைய. அந்தத் திட்டில் நியாயம் உண்டு. ஆனாலும் அங்கே கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. இதை எதிர்பார்த்து நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

புத்தகத்தில் சவுக்கடி வருகிறது, தூக்கும் வருகிறது, இரண்டுக்கும் வக்காலத்து வாங்குகிற நீண்ட பேச்சும் வருகிறது. காலையில் தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியின் அதட்டலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பக்கங்கள் கசக்கும். கசந்தாலும் தள்ளிவிடாதீர்கள். ஆள்சேர்க்கும் மேசையில் இரண்டு காலும் ஒரு கையும் இல்லாத ஒரு சார்ஜன்ட் உட்கார்ந்திருப்பார், வருகிற பையன்கள் பார்த்துப் பயந்து திரும்பிப் போகட்டும் என்றே. வேலை முடிந்ததும் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போவார். பட்டாளத்தை இந்த அளவுக்குப் புகழ்கிற ஆள் அதே மேசையில் அதன் விலையையும் வைக்கிறார் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே ஹைன்லைனைச் சண்டை பிடிக்கத் தகுந்த எதிராளி என்பேன்.

ஹால்ட்மன் அந்த மேசையையே கவிழ்க்கிறார். வில்லியம் மண்டெல்லா தானாகச் சேரவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் சட்டத்தில் மாட்டுகிறான். எதிரி டோரன்கள், யாரும் அவர்களைக் கண்ணால் கண்டதில்லை. முதல் தரைச்சண்டைக்குப் போகும்போது ரேடியோவில் ஒரு பழைய ஸ்கொட்லாந்துப் பாட்டின் வரிகள் வருகின்றன. முன்கூட்டியே மனோவசியத்தால் தலைக்குள் விதைத்து வைத்த வெறி அத்தோடு கிளம்புகிறது. டோரன்கள் செய்ததாகச் சொல்லப்படும் அட்டூழியங்கள் எல்லாம் கண்முன் வந்து நிற்கின்றன. இவை பொய், யாரோ என் மூளைக்குள் திணித்தவை என்று மண்டெல்லாவுக்குத் தெரியும். தெரிந்தும் கை சுட்டுக்கொண்டே போகிறது. எதிரே நிற்பவர்களுக்குத் திருப்பிச் சண்டை போடவே தெரியவில்லை. எல்லாம் முடிந்து வெறி இறங்கிய பிறகு வரும் அந்த ஒன்றிரண்டு பக்கங்களுக்கு ஈடாக மற்ற இரண்டு நாவலிலும் எதுவும் இல்லை.

அப்புறம் நேரம். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்பவனுக்குச் சில மாதம், பூமியில் பல வருடம். இது ஐன்ஸ்டீன் சொன்ன பௌதிகம்தான், மந்திரம் இல்லை. மண்டெல்லா முதல் தடவை திரும்பி வரும்போது சம்பளம் வட்டியோடு குவிந்து கிடக்கிறது, செலவழிக்கத் தெரிந்த உலகம் மட்டும் இல்லை. தாய் நோயில் விழுகிறாள். அவளுடைய வயதுக்கு இனி வைத்தியம் கிடையாது என்று அரசாங்கம் முடிவு செய்துவைத்திருக்கிறது. ஊரில் கால் பாவாமல் அவனும் கூடப் போரிட்ட காதலி மேரிகேயும் மறுபடி பட்டாளத்துக்கே போகிறார்கள்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதில், வாக்கிழந்த நம் சனத்தில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று ஆயிற்று. ஹட்டனில் ரயில் ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போனவர்களில் பலர், பாட்டன் பூட்டன் விட்டு வந்த ஊரைத் தேடித்தான் போனார்கள். அங்கே அவர்களுக்குச் 'சிலோன்காரன்' என்று பெயர் வைத்தார்கள். ஹால்ட்மன் வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைப் பற்றித்தான் எழுதினார், சந்தேகமில்லை. நீலகிரியில் சொந்தம் இருக்கிற மலையக வாசகர் ஒருவர் அந்த அத்தியாயத்தை அமெரிக்கக் கதையாக வாசித்து முடிப்பார் என்று நான் நம்பவில்லை.

குறையும் சொல்லிவிட வேண்டும். ஆண் பெண் உறவு, ஒருபாலுறவு பற்றி ஹால்ட்மன் எழுதியிருப்பவை இன்றைக்கு நெருடும், சில இடங்களில் எரிச்சலூட்டும். பள்ளிக்கூட நூலகத்தில் வைக்கவே முடியாது. ஹைன்லைனை வைக்கலாம், ஆனால் பக்கத்தில் ஒரு ஆசிரியர் இருந்தால் நல்லது.

மலையில் வளர்ந்தவர்கள் இன்னொன்றையும் பார்ப்பார்கள். கதையில் நிலம் எப்படி வருகிறது? பின்னேரம் மூடும் பனியும், ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் செத்துப்போகும் சிக்னலும், மழையில் வழுக்கும் செம்மண்ணும், காலை விடாத அட்டையும் எந்தப் பட்டாளத்தையும் பாதியாக்கும். 1803இல் கண்டியைப் பிடித்து உட்கார்ந்த ஆங்கிலேயப் படை காய்ச்சலில் படுத்து, மகாவலிக் கரையில் முடிந்துபோனது. ஹைன்லைனின் இயந்திரக் கவசம் இதையெல்லாம் தாண்டிக் குதித்துவிடுகிறது. கட்டடங்களுக்கு மேலால் பாய்கிறான் ரிக்கோ. பார்க்க ஜோர், ஆனால் நிலம் காணாமல் போகிறது. (1997இல் வந்த படத்தில் அந்தக் கவசமே இல்லை. படம் பார்த்துவிட்டுப் புத்தகம் தெரியும் என்று சொல்பவர்களை இதைக் கேட்டே பிடித்துவிடலாம்.) ஹால்ட்மனின் கவசம் போட்டவனையே கொல்லும். சூரியனுக்கு வெகு தூரத்தில், வாயுவே உறைந்து கிடக்கும் கிரகத்தில் பயிற்சி நடக்கிறது. கவசத்தின் முதுகில் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள் இருக்கின்றன. கால் சறுக்கி மல்லாக்க விழுந்தால் அந்தச் சூட்டில் உறைந்த வாயு வெடித்துச் சிதறும். எதிரியைப் பார்க்கும் முன்னமே ஆட்கள் சாகிறார்கள். சரிவில் கொழுந்துக் கூடையோடு நடந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சரி, எதிர்க்கட்சிக்கு வருவோம். ஃபோர்சைத்தின் கதையில் ஆபிரிக்காவில் ஒரு கற்பனை நாடு, அங்கே ஒரு மலை, மலைக்குள் பிளாட்டினம். லண்டன் கம்பனி முதலாளி ஒருவன் அதை மோப்பம் பிடித்து, அந்த நாட்டின் ஆட்சியையே கவிழ்க்கக் கூலிப்படைத் தலைவன் ஷானனை அமர்த்துகிறான். மலைக்குள் என்ன இருக்கிறது என்பது மலையில் இருப்பவனுக்கு முன் கம்பனிக்குத் தெரிந்துவிடுகிறது! இந்த ஆரம்பம் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் பிறகு புத்தகத்தின் பெரும்பகுதி கொள்முதல்: வங்கிக் கணக்கு, பொய்ப் பத்திரம், பழைய கப்பல், ரப்பர் படகு, எண்ணெய்ப் பீப்பாயின் அடியில் ஒளித்த துப்பாக்கி. கொட்டகலைத் தம்பி ஒருவர் பாதி வாசித்துவிட்டு, "அண்ணே, சண்டை எப்பண்ணே வரும்?" என்று கேட்டார். கடைசியில்தான் வரும், வந்த வேகத்தில் முடிந்தும் விடும்.

என்னைக் கேட்டால் அந்தக் கொள்முதல்தான் ஃபோர்சைத்தின் பலம். யுத்தம் என்பது பாதிக்கு மேல் காகித வேலை. 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து, பேராதனைப் பூங்காவில் உட்கார்ந்து பர்மா யுத்தத்தை நடத்தினார். அங்கே மேசையும் வரைபடமும் தந்தியும்தான். ஃபோர்சைத் அந்த மேசையின் எழுத்தாளர். ஆனால் ஷானனின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனால் கதவு சாத்தியே கிடக்கிறது. ஆபிரிக்கர்களைப் பார்க்கும் பார்வையும் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை. முடிவில் ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது, அதைச் சொல்லமாட்டேன். ஒரு தடவை ஓடிப் படிக்கலாம், இரண்டாம் தடவை எடுக்கத் தோன்றாது. மற்ற இரண்டையும் நான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன், ஹைன்லைனைக் கோபத்தோடு.

நேரமே இல்லை என்பவர்களுக்கு ஆர்தர் சி. கிளார்க்கின் 'சுப்பீரியாரிட்டி' (1951) என்ற சிறுகதை. 1956இல் இலங்கைக்கு வந்து கடைசிவரை இங்கேயே இருந்த மனுஷர், அதனால் நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம். தோற்றுப்போன தளபதி ஒருவன் சிறையிலிருந்து வாக்குமூலம் கொடுக்கிறான்: எதிரியின் விஞ்ஞானம் எங்களுடையதைவிட மட்டமாக இருந்ததால்தான் நாங்கள் தோற்றோம்! புதுப்புது ஆயுதத்துக்கு ஆசைப்பட்டு, இருந்த படையைக் கெடுத்துக்கொண்ட கதை. சிரித்துக்கொண்டே அரை மணிக்குள் முடித்துவிடலாம்.

ஆங்கிலத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஹால்ட்மன்தான் இலேசு: குட்டி வாக்கியம், பட்டாளத்துக் கெட்ட வார்த்தை கொஞ்சம். ஃபோர்சைத் பத்திரிகை நடை, நீளம்தான் பிரச்சினை. ஹைன்லைன் கதை சொல்லும்போது சுலபம், வகுப்பெடுக்கும்போது பல்லை உடைக்கும்.

ஆக, ஒன்றுதான் வாசிப்பேன் என்பவருக்கு ஹால்ட்மன். இரண்டு வாசிக்க ஆள் தயார் என்றால் ஹைன்லைன் முதலில், ஹால்ட்மன் பிறகு. மாற்றி வாசித்தால் ஹைன்லைன் வெறும் பிரசங்கமாகப் போய்விடுவார். சண்டை மட்டும் போதும் என்பவருக்கு மூன்றும் சரிவராது, அவருக்குப் படமே மேல். ஃபோர்சைத்தை பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுக்கிறேன். ஹால்ட்மனைப் பழைய புத்தகக் கடையில் தேடுகிறவர்கள் பதிப்பைப் பாருங்கள். முதலில் வந்தபோது, மண்டெல்லா ஊர் திரும்பும் நடுப்பகுதி சோகம் கூடிப்போயிற்று என்று பத்திரிகை ஆசிரியர் ஏற்காததால் வேறொன்றை எழுதிச் சேர்த்தார்கள். 1997க்குப் பிறகு வந்த பதிப்பில் அது முழுதாக இருக்கிறது. தாயின் நோய் அந்தப் பகுதியில்தான் வருகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழையதை வாங்கினால் அது கையில் வராது.