தானாக ஓடும் திரை: மவுஸைச் சுத்தம் செய்வதா, புதியது வாங்குவதா?

குளச்சலில், கடலுக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில், யாரும் தொடாமலேயே பக்கம் கீழே ஓடுவதும் எழுத்துகள் திடீரெனப் பெருப்பதுமாக இருந்தன. மவுஸின் வயரைப் பிடுங்கியதும் ஓட்டம் நின்றதால், குற்றம் மவுஸின் பக்கமே என்று தெரிந்தது. எழுத்து பெருத்ததற்குக் காரணம் வேறு: கன்ட்ரோல் விசை அழுந்தியபடி சிக்கினால், சக்கரத்தின் அசைவு உருப்பெருக்கமாக மாறிவிடும். விசைக்கு அடியில் கிடந்ததோ ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் துணுக்கு.

சுத்தம் செய்ய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பொறுமையும் போதுமானவை. ஆனால் சக்கரத்தின் சுழற்சியை உணரும் என்கோடரின் உலோகத் தொடுமுனைகள் உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்தால், கோளாறு விரைவிலேயே திரும்பிவிடும். மலிவான மவுஸ் என்றால் புதியதே மேல். விலையுயர்ந்ததற்கு என்கோடரை மட்டும் பற்றவைத்து மாற்றலாம்.