சோப்புத் தண்ணிக்கு செடி ஃபில்டர்னு வந்தா காசு குடுக்க முன்ன இத வாசிங்க

நுவரெலியா பக்கம் ஆறு ரூம் வாடகைக்கு விட்டிருக்கோம், பெட்சீட் டவல் எல்லாம் வீட்லயே மெஷின்ல போடுறதால ஒரு நாளைக்கு 600 லீட்டர் சோப்புத் தண்ணி வடிகான்ல போகும். கீழ லீக்ஸ் போட்டிருக்க அண்ணன், நுரை பாத்திக்குள்ள வருதுன்னு ரெண்டு தடவ வந்து சொல்லிட்டாரு. கோவமா கூட சொல்லல, அதான் எனக்கு வெக்கமா போச்சு.

அந்த நேரம் பாத்து பேஸ்புக்ல ஒருத்தர் போட்ட விளம்பரம். கரண்ட் வேணாம், மருந்து வேணாம், செடியே சுத்தம் பண்ணிரும்னாரு. 85,000 ரூவா. வந்தாரு, 200 லீட்டர் பரல் மூணு வரிசையா வச்சு பைப்ப இழுத்து மேல ஆகாயத்தாமரைய மிதக்க விட்டுட்டு முழுக்காசும் அன்னைக்கே வாங்கிட்டு போயிட்டாரு. பில்லு கேட்டா "வாட்ஸ்அப்ல அனுப்புறேன் தம்பி."

பத்து நாள்ல இலை மஞ்சளாச்சு. ஜனவரி பனியில, தேயிலக் கொழுந்தே கருகுற அந்தக் குளிர்ல, மிச்சமும் அழுகி ஒரே நாத்தம், ரூமுக்கு வந்தவங்க ஜன்னலையே தெறக்கல. நுரை மட்டும் எப்பவும் போல போயிட்டே இருந்துச்சு. போன் பண்ணா "நீங்க சோப் பவுடர் கூடுதலா போடுறீங்க"ங்கிறாரு, அப்புறம் நம்பர பிளாக் பண்ணிட்டாரு.

விவசாயம் படிக்கிற மச்சான் மகன் வந்து பாத்துட்டு சிரிச்சான். செடி வேல செய்றது பொய்யில்லயாம். வேர்ல ஒட்டியிருக்க பாக்டீரியா சோப்ப உடைக்குமாம், செடி பாஸ்பேட்ட உறிஞ்சுமாம், ஆனா அதுக்கு தண்ணி நாள்கணக்குல நிக்கணும் மாமா, மூணு பரலும் சேத்தே 600 லீட்டர்தான், இன்னைக்கு ஊத்துனது நாளைக்கு வெளிய போயிருதேன்னான். வளந்தத அப்பப்ப அள்ளிப் போடாட்டி அழுகி உறிஞ்சுனதெல்லாம் திரும்ப தண்ணிக்கே வந்துருமாம். அதுவும் இது சூட்டு நாட்டுச் செடி, 10 டிகிரிக்கு கீழ வளர்ச்சியே நின்னுரும். பெரிய கூத்து என்னன்னா, ஆகாயத்தாமரை பரவக்கூடாதுன்னு இலங்கையில 1909லயே சட்டம் போட்டிருக்காங்க. 85,000 குடுத்து களைச்செடிய வாங்கி வச்சிருக்கேன்!

இப்ப பவுடர பாதியா கொறச்சாச்சு, குழி வெட்டி சல்லிக்கல் போட்டு கல்வாழையும் சம்பும் நட்டிருக்கோம், பாப்போம். உங்ககிட்ட யாராச்சும் வந்தா தண்ணி எத்தன நாள் நிக்கும், இந்தக் குளிருக்கு செடி தாங்குமா, அழுகுனா யாரு அள்ளுறதுன்னு கேளுங்க, மூணு மாசம் ஓடிப் பாக்காம மிச்சக்காசு குடுத்துராதீங்க. அந்தாளு இப்ப பண்டாரவளைப் பக்கம் சுத்துறாருன்னு கேள்வி.