மகத்தையும் கேட்டையையும் காட்டினால் போதும்: வீட்டில் செய்த டிஜிற்றல் செற்றிங் சேர்க்கிள்

திருகோணமலையில் மே மாதத் தொடக்கத்தில் இரவு 10 மணிக்குத் தொலைகாட்டியை நேரே மேலே நிமிர்த்தினால் அது கன்னி ராசியின் கலக்சிக் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நம்முடைய ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.5 பாகையில் இருக்கிறது. எம்49 என்ற கலக்சி வானத்தின் நடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில். ஆகவே அது நம் உச்சியிலிருந்து ஒரு பாகை கூட விலகாமல் கடந்து போகிறது. எம்87, எம்84, எம்86 எல்லாம் அங்கிருந்து நாலைந்து பாகைதான். ஐரோப்பாவில் இருப்பவர்கள் இவற்றைச் சாய்வாக, தடித்த காற்றுக்குள்ளால் பார்க்கிறார்கள். நமக்குத் தலைக்கு நேரே வந்து நிற்கின்றன.

ஆனால் என்னிடம் இருக்கும் 8 அங்குல டொப்சோனியனுக்கு (மரப்பெட்டியில் நிறுத்திக் கையால் தள்ளித் திருப்பும் தொலைகாட்டி) மிகக் கஷ்டமான இடமும் அந்த உச்சிதான். குழாய் நிமிர்ந்து நிற்கும்போது பக்கவாட்டில் தள்ளப் பிடி கிடைக்காது. குழாயில் பூட்டிய சின்னத் தொலைகாட்டியான ஃபைண்டருக்குள் பார்க்கக் கழுத்தைப் பின்னுக்கு வளைக்க வேண்டும். கன்னி ராசியின் அந்தப் பகுதியில் வழி சொல்லப் பிரகாசமான நட்சத்திரமும் இல்லை. கும்புறுப்பிட்டியில் அக்காவின் தென்னந்தோட்டத்துக்கு என்னிடம் படித்த உயர்தரப் பிள்ளைகள் நாலைந்து பேர் பெற்றோருடன் வருவார்கள். நான் ஒரு கலக்சியைத் தேடி அரை மணித்தியாலம் மினக்கெட்டு, கண்டுபிடித்துத் திரும்பிப் பார்க்கும்போது பாதிப்பேர் பாயில் நித்திரை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான், தொலைகாட்டி வானத்தில் எங்கே பார்க்கிறது என்று எண்ணால் சொல்லும் செற்றிங் சேர்க்கிளை நானே செய்ய இறங்கினேன்.

முதலில் செய்தது எளிய முறை. அடிப்பலகையில் 360 பாகை அச்சடித்த காகித வட்டம், குழாயில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் டிஜிற்றல் கோணமானி. ஏற்றக்கோணத்தை அது 0.1 பாகைக்குச் சொன்னது. குறை என்னவென்றால் வானம் நிற்பதில்லை. 4 நிமிடத்துக்கு ஒரு பாகை ஓடுகிறது. தேடும் பொருளின் திசைக்கும் உயரத்துக்குமான எண்ணை ஃபோனில் பார்த்து, டோர்ச் அடித்து வட்டத்தைப் பார்த்து, தள்ளி முடிப்பதற்குள் எண் பழசாகிவிடும். காசு செலவழிக்க முடியாதவர்கள் இதையே செய்யுங்கள், வேலை செய்யும். ஆனால் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது போதாது.

சரி, இப்போது நான் பாவிக்கும் சாமான்களைச் சொல்கிறேன். தண்டு எவ்வளவு சுற்றியது என்று துடிப்பால் சொல்லும் 600 துடிப்பு ஒப்டிக்கல் என்கோடர் இரண்டு, ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, ஃபோனில் ஸ்கைசஃபாரி பிளஸ் என்ற வான வரைபட ஆப், பிறகு நகரத்துக்குள் படகு எஞ்சின் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை. பட்டறைக் கூலியோடு எல்லாம் சேர்த்து எனக்கு 20,000 ரூபாய்க்குள் முடிந்தது. இதே வேலைக்கென்று வெளிநாட்டில் விற்கும் நெக்சஸ் போன்றவை நூற்றுக்கணக்கான டொலர். அவை நல்ல சாமான்கள், ஆனால் என் ஓய்வூதியத்துக்கு எட்டாது.

என்கோடர் 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு உலோக உருளை, முன்னுக்கு 6 மில்லிமீற்றர் தண்டு. விரலால் சுற்றினால் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே கோடு போட்ட ஒரு தட்டு ஒளியை மறைத்து மறைத்து விடுகிறது. வெளியே இரண்டு கம்பிகளில் துடிப்பு வரும், ஒன்று மற்றதற்குக் கால் துடிப்பு முந்தி. எது முந்துகிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். ஒவ்வொரு துடிப்பிலும் ஏறும் இறங்கும் விளிம்பு நாலையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 2400. அதாவது ஒரு எண்ணிக்கை 0.15 பாகை, 9 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் குறைவு. விலைக்கு இது மிக நல்ல சாமான். இணையத்தில் வாங்கிய முதல் சோடியில் ஒன்றின் தண்டு ஆடியது. விற்றவர் பாதிக் காசைத்தான் திருப்பித் தந்தார். வாங்கியவுடன் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

கம்பி இணைப்பில் ஒரு எச்சரிக்கை. என்னுடையதில் சிவப்பு 5 வோற்று, கறுப்பு பூமி, பச்சையும் வெள்ளையும் துடிப்பு. பச்சையோ வெள்ளையோ சிவப்பில் நேரே பட்டால் உள்ளே இருக்கும் திரான்சிஸ்டர் போய்விடும். அந்த இரண்டையும் தனித்தனி 4.7 கிலோ ஓம் தடையி வழியாகப் பலகையின் 3.3 வோற்றுக்கு இழுத்துவிட வேண்டும். 5 வோற்றுக்கு இழுத்தால் ஈஎஸ்பி32 தாங்காது. குத்திச் சொருகும் கம்பிகளை நம்ப வேண்டாம். கடற்காற்றில் இரண்டு மாதத்தில் பச்சை பூத்துவிட்டது. இப்போது எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறேன்.

ஈஎஸ்பி32 பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது. துடிப்பை எண்ணுவதற்கென்றே அதற்குள் தனி அமைப்பு உண்டு, வேகமாகத் தள்ளினாலும் தவறவிடாது. தானே ஒரு வைஃபை விரிக்கும். ஆப் ‘க்யூ’ என்று ஓர் எழுத்தை அனுப்பும், பலகை இரண்டு எண்களைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான் பேச்சு. ஒன்று மட்டும்: இந்த வைஃபையில் இணையம் இல்லையென்று கண்டால் ஃபோன் தானாக டேட்டாவுக்குத் தாவும். டேட்டாவை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

கணக்கெல்லாம் ஆப் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் 31 வருடம் இணைந்த கணிதம் படிப்பித்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. தொலைகாட்டிக்கு இரண்டு நட்சத்திரங்களைக் காட்டுகிறோம். ஒவ்வொன்றும் ஓர் அலகுக் காவி (வெக்டர்), அதாவது திசையை மட்டும் காட்டும் அம்பு. இரண்டின் குறுக்குப் பெருக்கம் இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது காவியைத் தரும். வானத்தில் மூன்று, தொலைகாட்டியில் மூன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் 3×3 தாயம் (மேட்றிக்ஸ்) கிடைத்துவிட்டது. ஜப்பானியரான தொஷிமி தாக்கி 1989 இல் எழுதிக் காட்டிய முறை இது. வடதுருவ நட்சத்திரம் தேவையில்லை. நமக்கு அது அடிவானத்திலிருந்து 8.5 பாகை உயரத்தில், பெரும்பாலும் தென்னைக்குப் பின்னால். பிள்ளைகளுக்கு இதை விளக்கியபோது ஒருத்தி, “அப்ப குறுக்குப் பெருக்கம் உண்மையாவே ஒண்டுக்கு உதவுது, ரீச்சர்!” என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகவே செலவழித்த காசு தகும்.

இரண்டு நட்சத்திரங்களையும் யோசித்துத் தெரிய வேண்டும். உச்சிக்குக் கிட்ட இருப்பதை எடுக்கக் கூடாது, அங்கே திசைகோள் (கிடையாக எந்தத் திசை என்ற கோணம்) சரியாகப் பிடிபடாது. மே மாதத்தில் சுவாதியும் சித்திரையும் பிரகாசமாகக் கூப்பிடும், ஆனால் இரண்டும் உயரத்தில், ஒன்றுக்கொன்று கிட்டவும் இருக்கின்றன. நான் மேற்கே மகத்தையும் தென்கிழக்கே கேட்டையையும் எடுக்கிறேன். இரண்டுக்கும் இடையே 100 பாகை. ஆப்பில் இவை ரெகுலஸ், அன்ராரிஸ் என்று இருக்கும்.

இனி லேத் பட்டறை. டொப்சோனியனின் நடுப் போல்ற் அடிப்பலகையில் அசையாமல் இறுகியிருக்க வேண்டும். என்கோடரின் தண்டு அந்தப் போல்ற்றுக்குள் இறங்கும். என்கோடரின் உடல் மேற்பெட்டியோடு சேர்ந்து சுற்றும். ஆனால் உடலை ஸ்குரூ அடித்து இறுக்கக் கூடாது. 100 மில்லிமீற்றர் நீளத்தில் ஓர் அலுமினியக் கை பொருத்தி, அதன் நுனியை ஒரு பிளவுக்குள் விட்டால் போதும். நான் முதலில் போல்ற் தலையில் கைத்துளைகருவியால் ஓட்டை போட்டேன். பார்க்க நடுவில் இருப்பது போலத்தான் இருந்தது. முதல் இரவு தெற்குப் பக்கம் எல்லாம் சரியாக வந்தது, மேற்கே திரும்பினால் அரைப் பாகைக்கு மேல் பிழை. மறுபடி தெற்கே வந்தால் சரி. மூன்று இரவு மென்பொருளைக் குற்றம் சொல்லித் திரிந்தேன்.

காலையில் வேணியர் வைத்து அளந்தபோதுதான் தெரிந்தது, ஓட்டை நடுவிலிருந்து 1 மில்லிமீற்றர் விலகியிருந்தது. 100 மில்லிமீற்றர் கையில் 1 மில்லிமீற்றர் என்றால் தான்சன் அட்டவணையைப் பாருங்கள்: 0.57 பாகை. என் 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் 48 மடங்கில் தெரியும் வானம் மொத்தமே ஒரு பாகை அளவு. தேடியது விளிம்புக்கு வெளியே போய்விடும்.

போல்ற்றை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணை வாழ்நாளில் தொலைகாட்டிக்குள் பார்த்ததில்லை. போல்ற்றைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது படகு சாஃப்ற் மாதிரித்தான் ரீச்சர். நடு தப்பினா எல்லாம் ஆடும்.” லேத்தில் பிடித்து, டயல் கேஜின் ஊசி அசையாமல் நிற்கும் வரை மெல்ல மெல்லத் தட்டி நேராக்கினார். அதற்கே கால் மணித்தியாலம். பிறகு பழைய ஓட்டையைப் பெரிதாக்கி ஒரு பித்தளைப் புஷ் (உள்வளையம்) இறக்கி, அதற்குள் 6 மில்லிமீற்றர் துளை. தண்டை உள்ளே விட்டபோது காற்றுப் பிதுங்குகிற சின்னச் சத்தம் கேட்டது. கூலி 3,500 ரூபாய், இரண்டு நாளில் தந்தார்.

இன்னுமொரு தடவையும் போக வேண்டியிருந்தது. அடிப்பலகையில் ஒட்டுநாடா ஒட்டிக் கோடு போட்டு, பெட்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே கோட்டுக்குக் கொண்டுவந்தால் எண்ணிக்கை 2400 வர வேண்டும். எனக்கு 2397, அடுத்த சுற்றில் 2391. தண்டை இறுக்கிப் பிடிக்கும் குட்டி அலன் ஸ்குரூ உருண்டைத் தண்டில் வழுக்கியது. அவர் தண்டின் நுனியில் அரத்தால் ஒரு தட்டைப் பக்கம் எடுத்து, ஸ்குரூ அங்கே உட்காரும்படி செய்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. இப்போது பத்துச் சுற்றுச் சுற்றினாலும் ஒரு எண்ணிக்கைக்கு மேல் பிசகுவதில்லை. இந்தச் சோதனையை வானத்துக்குக் கொண்டுபோக முன்னமே வீட்டுக்குள் செய்துவிடுங்கள்.

ஏற்றக்கோணத்துக்கு முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் வரும் பல்லுப் பெல்ட் போட்டேன். குழாயின் அச்சில் 80 பல்லுக் கப்பி, என்கோடரில் 20 பல்லு. நாலு மடங்காகி 9600 எண்ணிக்கை, ஒன்றுக்கு 2.25 கலை. சின்னக் கப்பியின் 5 மில்லிமீற்றர் துளையை 6 ஆக்கியதும் அதே அண்ணைதான். ஆப்பில் இரண்டு அச்சுக்கும் வேறுவேறு எண் கொடுக்கலாம். குழாயை உயர்த்தும்போது திரையில் குறி கீழே இறங்கினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் அடையாளம் போடுங்கள்.

மே மாத அமாவாசைக்குக் கும்புறுப்பிட்டிக்குக் கொண்டுபோனோம். கச்சான் காற்று இரவு 8 மணிக்கு ஓய்ந்தது. மகம், கேட்டை இரண்டையும் காட்ட 5 நிமிடம். அன்று 17 பொருள்கள் தேடினோம், 15 முதல் தள்ளலிலேயே பார்வைத்துண்டுக்குள் நின்றன. உச்சிக்கு நேரே வரும் வேளையில் மட்டும் டொப்சோனியன் இப்போதும் முரண்டுதான். என்கோடர் பாதையைச் சொல்லும், குழாயைத் திருப்புவது நம் கைதான். அதனால் எம்49 ஐ அது உச்சிக்கு வர ஒரு மணித்தியாலம் முந்தியே, 15 பாகை கிழக்கே இருக்கும்போது பிடித்தேன். எம்84, எம்86 இரண்டும் ஒரே பார்வையில், இரண்டு மங்கிய பஞ்சுப் பொட்டு. 5 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வரும் வெளிச்சம் என்று சொன்னேன். ஒரு பிள்ளையின் அப்பா, மீன்பிடிக்கப் போகிறவர், கண்ணை எடுக்காமல் கனநேரம் நின்றார். கடைசியில் தெற்கே 34 பாகை உயரத்தில் ஒமேகா சென்ரோரி நட்சத்திரக் கொத்து. நகர வெளிச்சத்தின் மேலாகவும் சீனி கொட்டின மாதிரித் தெரிந்தது. அன்று ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

குறைகளும் உண்டு. யாராவது அடிப்பலகையில் கால் தட்டினால் திரும்பவும் இரண்டு நட்சத்திரம் காட்ட வேண்டும். மின்சாரம் ஒரு கணம் போனாலும் எண்ணிக்கை அழிந்துவிடும், ஆகவே பவர் பாங்கிலிருந்து வரும் வயரைப் பெட்டியோடு கட்டிவிடுங்கள். திசைகோளில் 9 கலைப் படி பெரிய உருப்பெருக்கத்துக்குப் போதாது. அகலப் பார்வைத்துண்டில் பிடித்து, பிறகுதான் மாற்ற வேண்டும். ஆப்பைச் சிவப்புத் திரைக்கு மாற்றினாலும் கொஞ்சம் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, நான் ஃபோனைப் பழைய கொப்பி மட்டைக்குள் மறைத்து வைத்திருக்கிறேன்.

இதைச் செய்ய நினைக்கிறவர்கள் என்கோடருக்கு இன்னும் விலை கூடியது தேட வேண்டாம். அந்தக் காசை லேத்துக்குக் கொடுங்கள். போன கிழமை பட்டறைப் பக்கம் போனபோது, லேத்துக்கு மேலே சுவரில் அண்ணை அந்தப் புஷ்ஷின் அளவைச் சோக்கால் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கீறி வைத்திருந்தார். இனி யார் வந்து கேட்டாலும் அளவெடுக்கத் தேவையில்லை என்றார்.