உப்புத்தாள் எழுத்தும் மஞ்சாடி விதையும்: மூன்றரை ஆண்டு அனுபவம்

மூத்தவளுக்கு மூன்றரை வயதானபோது வீட்டிலேயே எழுத்தையும் எண்ணையும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். இப்போது அவள் இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள், சின்னவனுக்கு நான்கு வயது. இத்தனை காலத்தில் நாங்கள் செய்ததிலும் வாங்கியதிலும் எவை இன்னும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன, எவை குப்பைக்குப் போயின என்று எழுதுகிறேன். ஒரு மாதத்துக்கு எந்த விளையாட்டுச் சாமானும் நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாவது மாதத்தில் பிள்ளை தானாகப் போய் அதை எடுக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

முதலில் இணையத்தில் 130 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு விளையாட்டுச் சாமான் பெட்டி வாங்கினேன். கண்ணைப் பறிக்கிற நிறம். ஆனால் அதிலிருந்த தமிழ் அட்டையில் 'ட' எழுத்துக்கு அம்புக்குறி வலது கீழ் முனையிலிருந்து தொடங்கியது. விற்றவர்களுக்கு எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை. எழுதும் திசையைத் தவறாகப் பழக்கிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. அதனால் அந்த அட்டைகளை எடுத்து வைத்துவிட்டேன். பெட்டியில் இன்றும் மிஞ்சியிருப்பவை கயிற்றில் கோக்கும் மரமணிகள் மட்டும்தான்.

அதற்குப் பிறகுதான் நாங்களே உப்புத்தாள் எழுத்துகளைச் செய்தோம். இது மரியா மாண்டிசோரியின் முறை. 1907-இல் ரோம் நகரில் 'பிள்ளைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கியவர் அவர். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி, வழவழப்பான பலகையில் ஒட்ட வேண்டும். பிள்ளை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவிக்கொண்டு அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். பென்சில் பிடிக்கக் கை பழகுவதற்கு முன்பே எழுத்தின் வழி விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

எங்கள் ஊர் இரும்புச் சாமான் கடையில் உப்புத்தாளை மலாயில் 'கெர்த்தாஸ் பாசிர்' என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். முதலில் 80-ஆம் எண் தாளை வாங்கிவிட்டேன். நாலு தடவை தடவியதும் பிள்ளையின் விரல் சிவந்துபோனது. எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும் என்று அப்போதுதான் கடைக்காரர் சொன்னார். 150-ஆம் எண் சரியாக இருந்தது. அட்டையில் ஒட்டியவை இங்குள்ள ஈரக்காற்றில் இரண்டே மாதத்தில் வளைந்து பிரிந்தன. பிறகு ஒட்டுப்பலகையை உள்ளங்கை அளவில் அறுத்து, மரப்பசையால் ஒட்டினோம். அவை மூன்று ஆண்டாக அப்படியே இருக்கின்றன.

எந்த எழுத்தில் தொடங்குவது? விஜயதசமியன்று அத்தை அவளை மடியில் வைத்துக்கொண்டு தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுத வைத்தார். அது நடக்க வேண்டிய சடங்கு, நடந்தது. ஆனால் சுழியும் வளைவும் உள்ள 'அ' மூன்றரை வயதுக் கைக்குக் கடினம். தினப்பயிற்சிக்கு நான் 'ட' எடுத்தேன். மேலிருந்து கீழே, அப்படியே வலது பக்கம், அவ்வளவுதான். அது முடிந்த இடத்திலிருந்து விரலை மேலே ஏற்றினால் 'ப'. இதை அவளே ஒருநாள் கண்டுபிடித்து, "அம்மா, ட எழுந்து நிக்குது!" என்று கத்தினாள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 247 எழுத்தையும் பலகையில் செய்யத் தேவையில்லை. 12 உயிரும் 18 மெய்க்குரிய வடிவங்களும் இருந்தால் போதும். துணைக்காலையும் கொம்புகளையும் தனித்தனிப் பலகையாகச் செய்து பக்கத்தில் வைத்தால் உயிர்மெய் பெரும்பாலும் வந்துவிடும். உகர ஊகார எழுத்துகளுக்கு மட்டும் வடிவமே மாறுவதால் அவற்றைப் பின்னால் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். நடுவில் சில மாதம் அவள் 'ட'வைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதினாள். திட்டவில்லை, மறுபடியும் பலகையைத் தடவச் சொன்னேன். தானாகச் சரியாகிவிட்டது.

எழுதிப் பழகும் தட்டில் சாயம் போட்ட அரிசி வைத்தேன். வண்டு வந்தது. ரவையில் எறும்பு. உப்பு இரண்டு நாளில் ஈரம் குடித்துக் கட்டியாகிவிட்டது. கடைசியில் மெல்லிய மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்துத் தட்டில் கொட்டினோம். நம் ஊருக்கு மணல்தான்.

இப்போது பல்லாங்குழி. பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) இருக்கும் சொங்காக் என்ற மலாய்ப் பல்லாங்குழிப் பலகையில் இரு ஓரத்திலும் பெரிய குழி உண்டு, நம் பல்லாங்குழிக்கு 14 குழி போதும். முட்டைத் தட்டை வெட்டி முதல் பலகையைச் செய்தேன். தட்டில் ஒரு வரிசைக்கு ஆறு குழிதான் இருக்கும், ஏழாவதை வேறு தட்டிலிருந்து வெட்டி ஒட்டினேன். குழிக்கு 5 விதை, மொத்தம் 70. விதையைப் போட்டுக்கொண்டே போகும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் "பசு!" என்று அத்தை எடுத்துக்கொள்வார். அப்படித்தான் அவளுக்கு நாலு என்றால் என்னவென்று புரிந்தது, எண்ணிப் பார்க்காமலே நாலை அடையாளம் கண்டுகொண்டாள். நான் ஒருமுறை அவசரப்பட்டு உதவப் போனேன். "ஏம்மா, விடு. அவளே எண்ணட்டும்" என்றார் அத்தை. நாற்பது வருடம் பால் எடுக்க ரப்பர் மரம் சீவிய கை அது, விதையை ஒவ்வொன்றாக அத்தனை பொறுமையாகப் போடும்.

விதைக்கு, இங்கே சாகா என்று சொல்லும் மஞ்சாடி மரத்தடியில் பொறுக்கிய மஞ்சாடி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: முழுச் சிவப்பாக இருப்பதுதான் மஞ்சாடி. சிவப்பில் கறுப்புப் புள்ளி இருந்தால் அது குன்றிமணி, கொடிய விஷம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. மஞ்சாடியையும் வாயில் போடவிடக் கூடாது, தொண்டையில் சிக்கும். சின்னவனுக்கு மூன்று வயது தாண்டும்வரை இந்த டப்பா மேல்தட்டில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் பொன் நிறுக்க மஞ்சாடியைப் பயன்படுத்தினார்கள் என்று சொன்னதும் மூத்தவள் சமையலறைத் தராசைக் கொண்டுவந்தாள். நாலு விதை ஏறக்குறைய ஒரு கிராம். நாற்பது போட்டாள், பத்தை ஒட்டி வந்தது. அப்புறம் துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் தயிர் டப்பாவைக் கட்டி எங்கள் சொந்தத் தராசு தயாரானது. இன்றுவரை அதிகம் எடுக்கப்படும் சாமான் அதுதான். வெண்டைக்காய்க்கு எத்தனை மஞ்சாடி, அப்பாவின் சாவிக்கு எத்தனை என்று நிறுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வெயில் காலத்தில் அத்தை பால்மரக் (ரப்பர் மரக்) கொட்டை கொண்டுவருவார். காய் 'டப்' என்று வெடித்து விதை தூரத்தில் போய் விழும், ஒரு காயில் மூன்று விதை. சிமெண்டில் தேய்த்துக் கையில் வைத்தால் சுடும். உராய்ந்தால் சூடாகும் என்பதை இதைவிட நன்றாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பச்சைப் பருப்பில் நஞ்சு உண்டு, அதனால் உடைக்கவிடுவதில்லை. சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குக் கூட்டிப் போனோம். மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் நிற்கிறதே, 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய அந்த மரம், அதைக் காட்டினோம். அத்தை பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிள்ளைகளும் தடவினார்கள்.

மைலோ டின்னில் தண்ணீர் ஊற்றி அளப்பது, முறுக்கு மாவு பிசைவது இரண்டும் நல்லவை, செலவில்லை. தண்ணீரை மட்டும் அன்றைக்கே கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். பிள்ளை வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிடுவேன்.

சின்னவன் இப்போது அக்காவின் பலகைகளை எடுக்க ஆரம்பித்திருக்கிறான். நேற்று தடவிவிட்டு, "இது வழுக்குதும்மா" என்றான். பார்த்தால் 'ட'வின் தாள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. சனிக்கிழமை கடைக்குப் போய் 150-ஆம் எண் தாள் ஒன்று வாங்கிவர வேண்டும்.