முழங்கால் ஆய்வுக்குக் குரங்கா, செம்மறியா?

முழங்காலில் தேய்ந்துபோன குருத்தெலும்பை ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) வைத்துத் திரும்ப வளர்க்க முடியுமா என்று கோலாலம்பூரில் ஒரு சின்ன ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எலி, முயல் எல்லாம் முடிந்தது. மனிதருக்குப் போகும் முன் ஒரு பெரிய விலங்கில் காட்டியாக வேண்டும். குரங்கா, செம்மறியா என்று கூட்டத்தில் நல்ல வாக்குவாதம் நடந்து, கடைசியில் செம்மறி என்று முடிவானது. நானும் செம்மறிக்காகத்தான் பேசினேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

பன்றி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அறுவைக் கூடத்தில் எங்களோடு நிற்பவர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள். பன்றிக்கென்று தனி அறை, தனிக் கருவி, தனி ஆள் வேண்டும். அதற்கு வசதியில்லை, விட்டோம்.

"பத்துமலையில அத்தனை குரங்கு திரியுதே, நாலைப் பிடிச்சா ஆச்சு" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆகாது. காட்டுக் குரங்கின் வயது தெரியாது, உடம்பில் என்ன நோய் என்று தெரியாது. மலேசியாவில் இன்று மனிதருக்கு வரும் மலேரியாவில் பெரும்பகுதி குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகைதான். போதாததற்கு, நம் கண்ணுக்கு மலிவாகத் தெரியும் இந்த நீண்டவால் குரங்கை 2022இல் ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்துவிட்டது. ஆய்வுக்கென்றே வளர்த்த குரங்குதான் வேண்டும். அம்மாவின் ஆட்சேபம் வேறு மாதிரி: "ஆஞ்சநேயர் மேலயா கத்தி வைக்கப் போற?" செம்மறி என்றதும் ஒன்றும் சொல்லவில்லை.

குரங்குக்காகப் பேசியவர்கள் இதயத்தில் நடந்த ஸ்டெம் செல் ஆய்வைத்தான் எடுத்துக்காட்டினார்கள். நியாயமான வாதம். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் துடிக்கும். உள்ளே வைத்த மனிதச் செல் தன் போக்கில் தாளம் போட்டாலும் அந்த வேகத்தில் அமுங்கிவிடும். 2014இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மரியின் குழு பன்றிவால் குரங்குகளுக்குச் சுமார் 100 கோடி இதயச் செல்களைச் செலுத்தியபோதுதான் துடிப்பு தாறுமாறாகும் சிக்கல் வெளியே வந்தது. நம் மலாய்க் கிராமங்களில் தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக்தான் அந்தக் குரங்கு. கண்ணிலும் அப்படித்தான்: மனிதனுக்கு இருப்பது போன்ற மாக்குலா (விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் நடுப்பகுதி) எலிக்கும் இல்லை, ஆட்டுக்கும் இல்லை. அந்த உறுப்புகளுக்குக் குரங்கு வேண்டும் என்றால் நான் மறுக்கமாட்டேன்.

முழங்கால் வேறு கணக்கு. நீண்டவால் குரங்கு நாலைந்து கிலோ, பெரிய ஆண் எட்டு ஒன்பது கிலோ தேறும். அந்த முழங்காலில் மனிதருக்குப் பயன்படும் கருவியை நுழைக்கவே இடமில்லை. செம்மறியில் 6, 7 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழி எடுத்து நிதானமாக வேலை செய்யலாம்.

இன்னொன்று: மனிதனுக்கு நெருங்கிய உறவு என்பதால் மனிதச் செல்லைக் குரங்கு ஏற்றுக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்காது. 2014 ஆய்விலும் சரி, 2017இல் கியோத்தோவில் ஜுன் தகஹாஷி குழு பார்க்கின்சன் நோய்க்குச் செய்த ஆய்விலும் சரி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்துத்தான் செல்லைக் காப்பாற்றினார்கள். 2016இல் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் குரங்குச் செல்லையே திசுவகை பொருந்தும் குரங்குக்கு வைத்தார்கள், அதற்கும் மருந்து தேவைப்பட்டது. நாங்கள் செம்மறிச் செல்லைச் செம்மறிக்கு வைக்கிறோம். நோயெதிர்ப்பு என் துறையல்ல. அது தெரிந்தவர்கள் இங்கே என்னை மடக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. செல் வைத்த இடத்தில் மூன்று மாதத்தில் வெள்ளையாக அழகான திசு வளர்ந்திருக்கும். பிறகு அது பல சமயம் நார்க்குருத்தாக, அதாவது நார் மிகுந்த வலுக்குறைந்த குருத்தாக, மாறி உதிரும். அதனால் ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் குரங்கை வைத்துப் பார்ப்பது என்றால் என்னவென்று யோசியுங்கள். தனியாக அடைத்தால் தன் கையையே கடித்துக்கொள்ளும், ஜோடியாக விட்டால் சண்டை போட்டு அறுத்த காலைப் புண்ணாக்கும். தையலை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துப்போடும். புண்ணைப் பார்ப்பதற்கே பின்சுவர் நகரும் கூண்டில் நெருக்கி, கெட்டமைன் மயக்க ஊசி போட வேண்டும். காசநோய் நம்மிடமிருந்து அதற்குத் தொற்றும், அதனிடமிருந்து நமக்கும் தொற்றும். எல்லாவற்றுக்கும் மேலே பி வைரஸ். குரங்குக்கு அது வாய்ப்புண் மாதிரி, மனிதருக்கு வந்து சிகிச்சை தவறினால் 70 சதவீதத்துக்கு மேல் சாவு. 1997இல் அமெரிக்காவின் யெர்க்கீஸ் குரங்கின ஆய்வு மையத்தில் ஓர் இளம் ஊழியர், கண்ணில் துளி தெறித்ததிலேயே இறந்தார். தீபாவளி லீவில் இந்தக் கூண்டை யாரிடம் ஒப்படைப்பது? பயிற்சி பெற்றவர் தவிர ஒருவரும் கை வைக்க முடியாது. நான் குரங்குக் கூடத்தில் இருந்தது பயிற்சிக்காலத்தில் மட்டும்தான். வருடக்கணக்காக அங்கே இருப்பவர்கள், பழக்கினால் குரங்கு தானாகவே கையை நீட்டும் என்கிறார்கள். இருக்கலாம். அந்தப் பழக்கத்துக்கே மாதக்கணக்காகுமே.

செம்மறியைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு ஒரே ஆள் புண்ணைப் பார்த்துவிடலாம். அதற்காகச் சும்மா விட்டுவிட முடியாது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் வயிற்றுப் புழு ஓயாது. கீழிமையை இழுத்துப் பார்ப்போம்: சிவப்பாக இருந்தால் சரி, வெளிறியிருந்தால் புழு இரத்தத்தைக் குடிக்கிறது. வியாபாரி "ரெண்டு வயசு" என்பதை நம்பாமல் வாயைத் திறந்து முன்பல்லை எண்ணுவோம். ஹாஜிப் பெருநாள் நெருங்கினால் விலை ஏறும், முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் க்யூ காய்ச்சலுக்குப் பரிசோதனை கட்டாயம்.

பெரிய குறை குருத்தெலும்பின் கனம். மனித முழங்காலில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல், செம்மறியில் அரை மில்லிமீட்டர்தான். குழி எடுக்க, கியூரெட் என்ற சிறு கரண்டிக் கருவியால் சுரண்டும்போது சிவப்புப் புள்ளி தெரிந்தால் அடி எலும்பைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். மஜ்ஜை கசிந்து குழி தானாகவே பாதி ஆறிவிடும். நம் செல் ஆற்றியதா, மஜ்ஜை ஆற்றியதா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. அறுவை முடிந்த மறுநாளே செம்மறி நாலு காலையும் ஊன்றி நிற்கும், ஓய்வெடு என்றால் கேட்கவா போகிறது?

இதனால்தான் அடுத்த சுற்றுக்கு வெள்ளாடு என்ற பேச்சு வந்திருக்கிறது. வெள்ளாட்டுக் குருத்து கொஞ்சம் கனம் கூட, இங்கே வாங்குவதும் சுலபம். ஆனால் கட்டு, கயிறு, பெயர்ச்சீட்டு எதையும் மெல்லாமல் விடாது என்கிறார் கொட்டகைக்காரர். முதலில் இரண்டு மட்டும் வாங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.