சூடேறாத ஆம்ப்ளிஃபையருடன் 26 மாதம்

திருச்சியில் மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கும் மேற்குச் சுவரைத் தொட்டால் சுடும். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் பழைய ஆம்ப்ளிஃபையர் இருந்தது. 2008-இல் சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் அசெம்பிள் செய்து கொடுத்தது. பக்கத்துக்கு இரண்டு ஜோடி 5200, 1943 டிரான்சிஸ்டர், 35-0-35 டிரான்ஸ்ஃபார்மர், சூட்டை வெளியேற்ற முழங்கை நீளத்துக்கு அலுமினிய ஹீட் சிங்க். மொத்தம் 11 கிலோ. பாட்டே ஓடாவிட்டாலும் சுவிட்ச் போட்ட ஒரு மணி நேரத்தில் ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியாது. மார்கழியில் அம்மா அதன் தலைமேல் தோசை மாவுப் பாத்திரத்தை வைத்துவிடுவார், சீக்கிரம் புளிக்கும் என்று. ஒருநாள் மாவு பொங்கி உள்ளேயே ஒழுகியது. அதற்கும் பெட்டி அசரவில்லை.

அந்தச் சூட்டுக்குப் பயந்துதான் மாற்றினேன். ஒலியில் பெரிய குறை இல்லை. ஒரே ஒரு உறுத்தல், ஹம். 50 ஹெர்ட்ஸ் கரண்ட், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரில் இரட்டித்து 100 ஹெர்ட்ஸாக மெல்ல முனகும். கச்சேரிப் பதிவுகளில் தம்புரா மட்டும் ஒலிக்கிற அந்த முதல் பத்து நொடியில், பாடகரின் சுருதியோடு ஒட்டாத இன்னொரு சுருதி பின்னால் நிற்கும். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதுதான் கேட்கும்.

வாங்கியது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிபிஏ3255 சிப் போட்ட டி வகை ஆம்ப். 11,500 ரூபாய், ஆன்லைனில். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏன் என்பது கீழே புரியும். படுக்க வைத்த டிபன் பாக்ஸ் அளவு. டி வகை என்றால் மினி பஸ் சீட்டுக்கு அடியில் உறுமுகிற ஊஃபர்தான் எனக்கு ஞாபகம் வரும். அதனால் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பும் எண்ணத்தோடுதான் பெட்டியைப் பிரித்தேன்.

பழைய வீடுகளில் ஃபேனுக்குக் கறுப்பாக, செங்கல் அளவில் ஒரு ரெகுலேட்டர் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபேனை மெதுவாக ஓட்டினால் அது சுடும். ஃபேனுக்குப் போகாத கரண்டை உள்ளிருக்கும் கம்பிச்சுருள் தின்று சூடாக்கும். என் பழைய பெட்டி மாதிரியான ஏபி வகை ஆம்ப்பில் டிரான்சிஸ்டர் அப்படித்தான், பாதி திறந்தும் பாதி மூடியும் நின்று மிச்சத்தைச் சூடாக்குகிறது. பின்னால் வந்த சின்ன டிம்மர் வகை ரெகுலேட்டர் கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும், அதனால் சுடுவதில்லை. டி வகை ஆம்ப் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்திருக்கும், இல்லையேல் முழுக்க மூடியிருக்கும். நொடிக்கு நாலைந்து லட்சம் தடவை இப்படித் திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து இசையின் அலையை வரைகிறது. கடைசியில் ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் அந்த வெட்டை வடிகட்டிவிட்டு மீதியை ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. இந்த காயில்-கெபாசிட்டர் ஜோடியை ஞாபகத்தில் வையுங்கள், என் கதை முழுக்க அதைப் பற்றித்தான்.

டி என்றால் டிஜிட்டல் என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவே. யோசனையும் புதிதல்ல. 1964-லேயே இங்கிலாந்தில் சின்க்ளேர் எக்ஸ்-10 என்று ஒரு கிட் விற்றார்கள். அன்றைய டிரான்சிஸ்டருக்கு அந்த வேகம் வரவில்லை, தோற்றது. 1995-இல் தொடங்கிய டிரைபாத் கம்பெனியின் சிப்கள் பிறகு நல்ல பெயர் வாங்கின, ஆனால் கம்பெனி 2007-இல் திவாலானது.

முதல் வாரம் நான் சொக்கிப்போனேன். மிருதங்கத்தின் தொப்பி கனமாக விழுகிறது, வலந்தலை பளிச்சென்று இருக்கிறது, பாடகி ஒரு அடி முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. நண்பனுக்கு போன் போட்டுப் பெருமையடித்தேன். அவன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். "ரெண்டையும் ஒரே வோல்ட்டுக்கு வச்சுக் கேட்டியா?" என்று ஒரு கேள்விதான் கேட்டான். கேட்கவில்லை. புது ஆம்ப்பின் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, அதிகம். வால்யூம் குமிழ் அதே இடத்தில் இருந்தாலும் சத்தம் கூடுதல். சத்தம் கொஞ்சம் கூடினால் காது அதை நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும். கடைகளில் விலை கூடிய மாடலை இப்படித்தான் விற்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஆக, 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்து, இரண்டையும் 2 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். நடுவில் ஒரு செலக்டர் பெட்டி. இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த ஆம்ப்பில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை எர்த் கிடையாது, இரண்டு முனையிலும் சிக்னல் ஓடுகிறது. மைனஸ் கம்பிகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கும் மலிவு செலக்டரில் செருகினால் ஆம்ப் போய்விடும். இரண்டு கம்பியையும் சேர்த்து மாற்றும் பெட்டிதான் வேண்டும்.

மனைவி திரைக்குப் பின்னால் சுவிட்சோடு. நானும் எட்டாவது படிக்கும் மகளும் கண்ணை மூடிக்கொண்டு சோபாவில். 16 சுற்று. நான் சரியாகச் சொன்னது 9. காசு சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வந்திருக்கும். எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பாடகி பழைய இடத்துக்கே போய்விட்டார். மகள் சொன்னது 15 சரி! "ஜால்ரா ஒண்ணுல கூர்மையா இருக்குப்பா, ஈயப் பாத்திரத்துல ஸ்பூன் பட்ட மாதிரி." என் வயது 47. 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு எதுவும் கேட்பதில்லை. அவளுக்குக் கேட்கிறது.

அடுத்த ஞாயிறு நண்பன், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்போடு வந்தான். ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே முனையில் அளந்தோம். பழைய ஆம்ப் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கோடு போட்ட மாதிரி சமம். புதியது 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெல்ல ஏறி, 20-இல் ஏறக்குறைய 2 டெசிபெல் கூடுதலாக நின்றது. ஸ்பீக்கரைக் கழற்றி 4 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அதே இடத்தில் இறங்கியது. காரணம் அந்த காயில்-கெபாசிட்டர் ஜோடி. எதிரே எத்தனை ஓம் இருக்கிறதோ அதைப் பொறுத்து வடிகட்டியின் குணம் மாறும். என் ஸ்பீக்கரின் ட்வீட்டர் (உச்ச ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) உச்ச ஸ்தாயியில் 8 ஓமுக்கு மேல் போகிறது, அதனால் ஏற்றம். வேறு வீட்டில் 4 ஓம் ஸ்பீக்கரில் இதே ஆம்ப் மந்தமாக இருக்கிறது என்பார்கள். ஒரே மாடலைப் பற்றி ஒருவர் "கூர்மை" என்றும் இன்னொருவர் "மந்தம்" என்றும் எழுதி அடித்துக்கொள்வதைப் படித்திருப்பீர்கள். இருவரும் தங்கள் வீட்டில் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

14-ஆவது மாதம், ஆவணியில், ஒரு இடிமழை ராத்திரிக்குப் பிறகு கூடவே வந்த பவர் அடாப்டர் 'டிக் டிக்' என்று துடித்துவிட்டு ஓய்ந்தது. விற்றவர்களுக்கு நாலு மெயில். வாரண்டி 12 மாதம் என்ற ஒரே பதில், நாலு தடவையும். பழைய மெக்கானிக் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "அடாப்டர் மாத்திக்கலாம் தம்பி. ஆனா நாளைக்கு இந்த சிப் போச்சுன்னா என்கிட்ட கொண்டு வராத, இதுல சால்டரிங் அயர்ன் வைக்க இடமே இல்ல." பழைய பெட்டியில் 2015-இல் ஒரு ஜோடி டிரான்சிஸ்டர் போனபோது, டூப்ளிகேட் 5200 ஆயிரம் கிடக்கிற சந்தையில் அசலைத் தேடிப்பிடித்து, மைக்கா ஷீட்டும் பேஸ்ட்டும் வைத்து அரை மணி நேரத்தில் உயிர் கொடுத்தவர் அவர். புது டெக்னாலஜிக்கு நான் வைக்கும் பெரிய குறை இதுதான்: போனால் போனதுதான்.

அடாப்டருக்குப் பதில், எல்இடி விளம்பரப் பலகை வைப்பவர்கள் பயன்படுத்தும் 48 வோல்ட், 4.4 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி) வாங்கினேன். 350 வாட் மாடலில் உள்ளே ஃபேன் உண்டு, பாட்டுக் கேட்க ஆகாது. 200 வாட் மாடலுக்கு ஃபேன் இல்லை. பக்கவாட்டில் 115/230 என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அது 115-இல் இருக்கும்போது நம் கரண்டைக் கொடுத்தால் தீபாவளிதான். நான் பிளக்கைச் செருகக் கையை நீட்டிய பிறகுதான் பார்த்தேன். முனைகளும் திறந்தே இருக்கும், பெட்டிக்குள் அடைத்து எர்த் கொடுக்காமல் வீட்டில் வைக்காதீர்கள். 200 வாட் போதுமா என்றால், என் அறையில் வழக்கமான சத்தத்துக்குச் சராசரியாக 1 வாட்டுக்கும் குறைவாகத்தான் செலவாகிறது. தவில் அடிக்கும் நொடியில் இருபது, முப்பது போகலாம்.

நண்பனுக்கு இதற்குள் பித்துப் பிடித்துவிட்டது. இந்தப் பொங்கல் லீவில் இரண்டு ஆம்ப்போடு வந்து ஒரு மாதம் வைத்திரு என்றான். ஒன்று காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் போட்டது. நீல எல்இடிக்கு 2014-இல் நோபல் வாங்கித் தந்த அதே பொருள். போன் சார்ஜர்கள் தீப்பெட்டி அளவுக்கு இளைத்ததும் இதனால்தான். மற்றது என்னுடையதைப் போலவே டிபிஏ3255. ஆனால் ஒரு மாற்றம்: ஃபீட்பேக்கை, அதாவது உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க வெளியே போவதிலிருந்து திரும்ப எடுக்கும் சிக்னலை, வடிகட்டிக்குப் பின்னாலிருந்து, ஸ்பீக்கர் முனையருகே எடுக்கிறார்கள். அதாவது காயிலும் கெபாசிட்டரும் செய்கிற தப்பை ஆம்ப் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

காலியம் நைட்ரைடின் நியாயம் உண்மையானது. மேலும் கீழும் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் திறந்தால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஒன்று மூடி மற்றது திறக்கும் முன் ஒரு மிகச் சின்ன இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளி இசையில் பிசிறாக விழும். காலியம் நைட்ரைடு வேகமாகத் திறந்து மூடும், அதனால் இடைவெளியைக் குறுக்கலாம். ஆனால் சாதா சிலிக்கானிலேயே ஃபீட்பேக்கை நன்றாக அமைத்து அந்தப் பிசிறைக் காதுக்கு எட்டாத அளவுக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். ஆம்ப் வடிவமைப்பாளர் புரூனோ புட்ஸேஸ் அந்த வேலையை முதலில் பிலிப்ஸ் கம்பெனியில், பிறகு ஹைபெக்ஸில், அதன்பின் டென்மார்க்கின் பியூரிஃபையில் என்று செய்தவர்.

மறுபடி திரை, மறுபடி மனைவி (இந்த முறை ஒரு பட்டுச் சேலை என்ற ஒப்பந்தத்தின் பேரில்). காலியம் நைட்ரைடுக்கும் பழைய 11 கிலோவுக்கும்: மகள் 16-க்கு 7. காலியம் நைட்ரைடுக்கும் நண்பனின் சிலிக்கானுக்கும்: 9. என்னுடையதற்கும் நண்பனின் சிலிக்கானுக்கும், இரண்டிலும் ஒரே சிப்: 14. ஆசிலாஸ்கோப்பும் அதையே சொன்னது. அவனுடைய இரண்டும் சமக்கோடு, என்னுடையது மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பெட்டியின் மேல் எந்தப் பொருளின் பெயர் மின்னுகிறது என்பதைவிட ஃபீட்பேக்கை எங்கே எடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். விலை வித்தியாசத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்.

நான் என்னுடையதை மாற்றவில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பின்னால் 8.2 ஓம், 10 வாட் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரும் தொடராக இணைத்து, ஸ்பீக்கருக்குக் குறுக்கே போட்டேன். ட்வீட்டர் மேலே ஓம் ஏறுவதை இது சமன் செய்கிறது. செலவு 100 ரூபாய்க்குள். ஏற்றம் பாதிக்கு மேல் குறைந்தது, மகளின் மதிப்பெண்ணும் 11-க்கு இறங்கியது. இந்த எண்கள் என் ஸ்பீக்கருக்கானவை, அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

மற்றபடி தினசரிப் புழக்கத்தில்: ஹம் போயே போய்விட்டது. சுவிட்ச் போடும்போது வரும் 'டொம்' இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் 'உர்ர்' என்று பல்லைக் கடிக்கும். இது மாறியதே தெரியாமல் பாடுகிறது. வால்யூம் குமிழின் தரம் மட்டம்: ராத்திரி மெதுவாக வைத்தால் பாடகர் இடப்பக்கம் சாய்கிறார். குமிழை நடுவில் வைத்துவிட்டு போனில் குறைத்துக்கொள்கிறேன். சும்மா இருக்கும்போது பழையது 55 வாட், இது 9. தினம் 6 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 16 யூனிட் மிச்சம். இதற்காக யாரும் வாங்க வேண்டாம்.

அப்பாவுக்குத்தான் கோபம். காலையில் அவர் திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ் கேட்பார். ஆம்ப் ஓடினால் செய்திக்குப் பின்னால் கடுகு தாளிக்கிற சத்தம். மத்திய அலை 531-இல் தொடங்குகிறது. ஆம்ப் வெட்டும் வேகத்தின் மடங்குகள் அதற்குள்தான் விழும், நீளமான ஸ்பீக்கர் ஒயரோ ஏரியல் மாதிரி. ஒயரை முறுக்கிவிட்டு, ரேடியோவைக் கூடத்தின் மறுகோடிக்கு மாற்றிய பிறகு முக்கால்வாசி அடங்கியது. மீதிக்கு, "டேய், நியூஸ் முடியுற வரைக்கும் அத அணை."

போன மார்கழியில் அம்மா வழக்கம்போல மாவுப் பாத்திரத்தைப் புது ஆம்ப் மேல் வைத்திருக்கிறார். காலையில் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "வச்சது வச்சபடி இருக்கு. பதினோராயிரம் குடுத்து என்னத்தடா வாங்கிட்டு வந்த?" மாடியில் கிடந்த 11 கிலோவை இறக்கிச் சமையலறை மேடையில் வைத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கர் எதுவும் இணைக்கவில்லை. ராத்திரி மாவு கரைத்ததும் அம்மாவே சுவிட்ச் போட்டுக்கொண்டார், தை பிறக்கும் வரை.